ஓவனில் வைக்கும் மேக் அண்ட் சீஸ்: நம் ஊரில் கிடைக்கும் பொருளில் சரியாக வருமா?

படித்துறை வீடு, திருவையாறு:

எல்லோருக்கும் வணக்கம். அண்ணன் குடும்பம் கனடாவில் இருக்கிறது. அங்கே பள்ளி விடுமுறை என்பதால் இந்த வருடம் ஆடிப்பெருக்குக்கு எல்லோரும் இங்கே வருகிறார்கள். போனில் பேசும்போது அண்ணன் மகள், அத்தை நீங்கள் மேக் அண்ட் சீஸ் (மக்ரோனியைச் சீஸ் சாஸில் கலந்து செய்வது) செய்வீர்களா, டப்பாவில் வருவது இல்லை, ஓவனில் வைத்து மேலே மொறுமொறுவென்று இருக்குமே அது, என்று கேட்டாள். செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பெருக்குக்கான சித்திரான்னம் எல்லாம் எனக்குக் கைவந்தது, இதுதான் புதிது.

வீட்டில் 28 லிட்டர் ஓடிஜி (சின்ன மின்சார ஓவன்) இருக்கிறது, கேக்குக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். மக்ரோனி மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது. சீஸ் என்றால் இங்கே அமுல் க்யூப், ஸ்லைஸ், பீட்சாவுக்கான மொசரெல்லா, அவ்வளவுதான். தஞ்சாவூர் போனால் பெரிய கடைகளில் செட்டர் கிடைக்கும். எதை வாங்குவது? தெரிந்தவர் வீட்டில் ஒருமுறை இதைச் சாப்பிட்டபோது சாஸ் திரிதிரியாகப் பிரிந்து, மேலே எண்ணெய் நின்று, உள்ளே மக்ரோனி வறண்டுபோய் இருந்தது. அது எதனால் என்று தெரிந்தால் முதலிலேயே கவனமாக இருப்பேன். இன்னொன்று, அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற ஏதோ ஒன்று சேர்ப்பதாக யாரோ சொன்னதிலிருந்து சீஸ் பக்கமே வருவதில்லை. அது உண்மையா? அம்மாவும் உட்கார்ந்து சாப்பிடும்படி செய்ய வேண்டும் என்பது என் ஆசை. அளவோடு சொல்லுங்கள்.


குடந்தை அடுப்படி, கும்பகோணம்:

அக்கா, தாராளமாக வரும். எங்கள் வீட்டில் மாதம் தவறாமல் செய்கிற பண்டம் இது, எல்லாப் பொருளும் கும்பகோணம் கடைத்தெருவில் வாங்குவதுதான்.

முதலில் நீங்கள் கேட்ட வறட்சி விஷயம், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் பாக்கியெல்லாம் சுலபம். மக்ரோனி ஓவனுக்குள் போன பிறகும் பாலைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் அடுப்பில் பார்க்கும்போது கெட்டியாக, அழகாக இருக்கிற சாஸ், 25 நிமிடம் கழித்து வெளியே வரும்போது காணாமல் போய்விடும். உள்ளே வைக்கும்போது சாஸ் மோர்க்குழம்பு பதத்தில், கரண்டியில் எடுத்தால் சட்டென்று ஓட வேண்டும். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், இவ்வளவு தண்ணியாக இருக்கிறதே என்று. அப்படியே வையுங்கள். மக்ரோனியும் பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்துக்கு 2, 3 நிமிடம் முன்னாலேயே வடித்துவிட வேண்டும், கடித்தால் நடுவில் கொஞ்சம் விறைப்பு இருக்கணும். மளிகைக் கடையில் நிறுத்துத் தருகிற மக்ரோனி சீக்கிரம் குழைந்துவிடும், அடுப்பை விட்டு நகராமல் பக்கத்திலேயே நின்று பாருங்கள். பாக்கெட்டில் துரம் கோதுமை ரவை என்று போட்டிருந்தால் அதை வாங்குங்கள், அது தாங்கும்.

நான்கைந்து பேருக்கு அளவு: மக்ரோனி 200 கிராம், பால் 600 மில்லி, கைவசம் இன்னும் 100 மில்லி, வெண்ணெய் 30 கிராம், மைதா 30 கிராம், சீஸ் 200 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டும் என்றால் வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, மைதா தலைதட்டி நான்கு. வீட்டில் கடைந்த வெண்ணெய் என்றால் அதில் தண்ணீர் இருக்கும், கொஞ்சம் கூட எடுத்துக்கொண்டு தண்ணீர் சுண்டும்வரை உருக்கிவிட்டு மைதா போடுங்கள். நெய்யும் சரியாக வரும், 25 கிராம் போதும். பால் ஆவினில் ஆரஞ்சு பாக்கெட் நல்லது, 6 சதவீதம் கொழுப்பு. நீலம் 3 சதவீதம்தான், அதிலும் வரும், ருசி சற்று மட்டு. கறந்த பால் என்றால் காய்ச்சி ஆறவைத்து, ஆடையை எடுத்துவிட்டு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் சாஸில் நூல் நூலாகத் தெரியும்.

அடி கனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி மைதாவைப் போட்டு, சின்னத் தீயில் ஒன்றரை இரண்டு நிமிடம் கிளறுங்கள். நிறம் மாறக்கூடாது, பச்சை மாவு வாசனை போனால் போதும். பாலை முதலில் ஒரு கரண்டி ஊற்றிக் கலக்குங்கள், அது இறுகியதும் இன்னொரு கரண்டி, அப்புறம் தாராளமாக ஊற்றலாம். எடுத்தவுடன் மொத்தப் பாலையும் கொட்டினால்தான் கட்டி விழும். அதற்கென்று கம்பிக் கலக்கி வாங்க வேண்டாம், பருப்பு மத்து அருமையாக வேலை செய்யும். கொதி வந்த பிறகுதான் மாவு முழுதாகக் கெட்டிப்படும், அதன் பிறகும் ஐந்து நிமிடம் சின்னத் தீயில் விடுங்கள்.

இப்போது திரிதிரியாகப் பிரிகிற விஷயம். அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, அப்புறம்தான் சீஸ் போட வேண்டும். சீஸ் போட்டபின் சாஸ் கொதிக்கவே கூடாது. சூடு அதிகமானால் சீஸில் உள்ள புரதம் சுருங்கி, பிடித்துவைத்திருந்த கொழுப்பை வெளியே தள்ளிவிடும், நீங்கள் பார்த்த எண்ணெய் அதுதான். நல்ல செட்டர் சீக்கிரம் பிரியும், அமுல் க்யூப் அவ்வளவு எளிதில் பிரியாது. பதப்படுத்திய சீஸில் கொழுப்பையும் புரதத்தையும் சேர்த்துப் பிடிக்கிற உப்புகள், சோடியம் சிட்ரேட் மாதிரியானவை, ஏற்கெனவே இருக்கின்றன. அதனால் நான் சொல்வது, செட்டர் 100 கிராம், அமுல் க்யூப் 4, ஒரு க்யூப் 25 கிராம். ருசிக்கு அது, வழவழப்புக்கு இது. தஞ்சாவூர் போக முடியாவிட்டால் எட்டு க்யூபும் அமுலே போடுங்கள், ஒரு சிட்டிகை கடுகுப்பொடியும் மிளகுப்பொடியும் சேர்த்தால் குறை தெரியாது. மொசரெல்லா இழுக்கும், ருசி கிடையாது, மேலே தூவ மட்டும் கொஞ்சம். துருவி பாக்கெட்டில் விற்பதை வாங்காதீர்கள், ஒட்டாமல் இருக்க அதில் மாவு தடவியிருப்பார்கள், சாஸ் சொரசொரப்பாகும். கட்டியாக வாங்கி 20 நிமிடம் ஃப்ரீசரில் வைத்துத் துருவினால் துருவியில் ஒட்டாது.

உப்பு கடைசியில். வெண்ணெயிலும் சீஸிலும் உப்பு இருக்கிறது, மக்ரோனி வேகும் தண்ணீரிலும் போட்டிருப்பீர்கள்.

ஓவன் 180 டிகிரி, 10 நிமிடம் முன்சூடு, நடுத்தட்டில் 20 முதல் 25 நிமிடம், ஓரத்தில் குமிழி வர வேண்டும். நிறம் போதாவிட்டால் கடைசி 3 நிமிடம் மேல் கம்பி மட்டும் போட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டால்தான் சாஸ் நிற்கும். ஓடிஜியை 15 ஆம்பியர் பிளக்கில்தான் போடுகிறீர்களா? 1500 வாட் என்றாலே ஆறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சின்னப் பிளக் உருகிவிடும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற தெருவாக இருந்தால் மதியமே செய்துவிடுங்கள்.


காரைக்கால் கடலோரம்:

அம்மா விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், எங்கள் வீட்டிலும் இதே கேள்வி வந்து தீர்ந்த ஒன்று.

அவர் கேள்விப்பட்டது பொய்யில்லை. பாலைத் திரைய வைக்கும் ரென்னெட் என்பதைப் பாரம்பரியமாகப் பால்குடிக் கன்றின் இரைப்பையிலிருந்துதான் எடுத்தார்கள். ஐரோப்பாவில் பார்மிஜானோ ரெஜ்ஜானோ, க்ரூயேர் போன்ற பெயர் காப்பு உள்ள சீஸ்களுக்கு இன்றும் அதுதான் விதி. ஆனால் நம் நாட்டில் அமுல் போன்றவற்றில் நுண்ணுயிரிலிருந்து தயாரித்த ரென்னெட்தான், அது சைவம். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று அம்மாவையே பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் எவ்வளவு விளக்கினாலும் வராத நம்பிக்கை அந்தப் புள்ளியைப் பார்த்தால் வரும். கொடைக்கானலில் தயாராகும் கோடை சீஸில் செட்டர் இருக்கிறது, புதுச்சேரி பக்கம் வந்தால் ஆரோவில் லா ஃபெர்ம் சீஸ் கிடைக்கும். எதை வாங்கினாலும் புள்ளியைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து சீஸ் கொண்டுவரட்டுமா என்று அண்ணி கேட்டால், சைவ ரென்னெட் என்று எழுதியிருப்பதை மட்டும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது, நிறையக் குடும்பங்களுக்கு இன்றும் பிரான்சில் சொந்தம் உண்டு. என் சித்தி பாரிஸ் பக்கம் இருக்கிறார், அவர் வந்தால் செய்வது "மக்ரோனி கிராத்தான்" என்கிற பிரெஞ்சுப் பண்டம். அடுப்படி அக்கா சொன்ன அதே வெள்ளைச் சாஸ்தான், அங்கே அதற்கு பெஷமல் என்று பெயர், எமென்தால் இல்லாவிட்டால் க்ரூயேர் சீஸ். சித்தி அதில் தவறாமல் போடுவது ஜாதிக்காய். கைக்குழந்தை வளர்ந்த வீடு என்றால் உரைமருந்துப் பெட்டியில் ஒரு ஜாதிக்காய் கட்டாயம் கிடக்கும், அதையே சின்னத் துளைத் துருவியில் நாலு இழுப்பு இழுத்தால் போதும், 600 மில்லி பாலுக்கு அதற்கு மேல் வேண்டாம், கசக்கும். சாஸில் மாவு ருசி எட்டிப்பார்க்காமல் செய்வது இதுதான். பாத்திரம் ஆழமாக இல்லாமல் அகலமாக இருக்கட்டும், இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரம் வேண்டாம், மேலே மொறுமொறுப்பு எல்லோருக்கும் பங்கு வரும்.


மன்னை வாசி:

வெறும் பாலும் சீஸும் மாவும் நம் நாக்குக்குச் சரிப்படுமா? பெரியவர்கள் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட மாட்டார்கள். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு வதக்கி, கொஞ்சம் கரம் மசாலா போட்டு அதில் இந்தச் சாஸைக் கலந்து வைத்தால் எல்லோரும் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் மக்ரோனி என்றாலே மசாலா மக்ரோனிதான்.


குடந்தை அடுப்படி, கும்பகோணம்:

மன்னை அண்ணா, மசாலா மக்ரோனி எனக்கும் பிடிக்கும், அது வேறு பண்டம். குழந்தை கேட்டது இதை. தக்காளியின் புளிப்பு பால் சாஸில் சேர்ந்து சூடேறினால் திரைந்துபோகவும் வாய்ப்பு உண்டு. பெரியவர்களுக்காகச் சேர்க்க வேண்டும் என்றால் குடைமிளகாயும் வேகவைத்த மக்காச்சோளமும் வெண்ணெயில் ஈரம் போக வதக்கிப் பாதியில் மட்டும் கலந்து, தனிப் பாத்திரத்தில் வையுங்கள். காரம் வேண்டும் என்றால் மிளகு கூடப் போடலாம், பாலோடு நன்றாகச் சேரும். பக்கத்தில் எலுமிச்சை ஊறுகாய் வைத்தால் பெரியவர்கள் பாடு முடிந்தது. கரம் மசாலா மட்டும் வேண்டாம் அண்ணா, சீஸ் வாசனை மொத்தமும் அமுங்கிவிடும், 200 கிராம் சீஸ் போட்டு அதை மறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.


ரொட்டி அடுப்பு, பட்டுக்கோட்டை:

பேக்கரியில் வேலை செய்கிறேன், மேல் பகுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன் சகோதரி.

தூள் செய்ய ரஸ்க் எடுக்காதீர்கள், நம் பக்கம் பெரும்பாலான ரஸ்க் இனிப்பு, ஏலக்காயும் இருக்கும். முதல் நாள் ரொட்டி, அதிலும் இனிப்பு குறைந்த சால்ட் பிரெட் கிடைத்தால் நல்லது. மிக்ஸியில் இரண்டு சுற்று, ரவைபோல நைசாக வேண்டாம், கரகரவென்று. இரண்டு கைப்பிடி தூளுக்கு ஒரு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய் விட்டுப் பிசறித் தூவுங்கள். வெண்ணெய் படாத தூள் வெளுத்துப்போய் வறண்டு நிற்கும், சிவக்காது.

ஓடிஜி இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால்: அடி கனமான பெரிய வாணலியில் கல் உப்போ சலித்த மணலோ ஒரு விரல்கடை பரப்பி, ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி பத்து நிமிடம் சூடாக்கி, உள்ளே அலுமினியக் கேக் தட்டில் மக்ரோனியை வைத்து மூடி, மிதமான தீயில் 25 நிமிடம். சூடு கீழேயிருந்து வருவதால் மேலே சிவக்காது, அதனால் ரொட்டித்தூளைத் தனியாக வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, இறக்கும்போது தூவுங்கள். குக்கரில் செய்கிறவர்கள் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றாமல் ஒருபோதும் செய்யாதீர்கள். வெறும் குக்கரை அடிக்கடி சூடாக்கினால் குக்கரும் கெடும், வாணலியே மேல். கண்ணாடிப் பாத்திரத்தை நேரே தீயில் வைக்கக்கூடாது, ஓவனிலிருந்து எடுத்து ஈர கிரானைட் மேடையிலும் வைக்கக்கூடாது, கீழே ஒரு மடித்த துணி போடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி விரிசல் விடும்.

விறகு அடுப்பு உள்ள பேக்கரி ஊரில் இருந்தால், மதியம் ரொட்டி இறக்கிய பிறகு கேட்டுப்பாருங்கள். அடுப்பு தணிந்து வருகிற நேரம், தட்டை வாய்ப்பக்கம் வைத்தால் அருமையான நிறம் கிடைக்கும். தெரிந்த முகம் என்றால் மறுக்க மாட்டார்கள்.


திருவாரூர்த் தேர், இப்போது நியூ ஜெர்சி:

அந்தக் குழந்தை எதிர்பார்க்கும் ருசி பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களில் ஓவனில் வைக்கும் மேக் அண்ட் சீஸ் நன்றிநவிலல் நாள் (தேங்க்ஸ்கிவிங்) விருந்தில் இல்லாமல் இருக்காது, அதை யார் செய்வது என்பதே வீட்டில் பெரிய விஷயம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1802ல் ஜனாதிபதி மாளிகை விருந்தில் மக்ரோனி பை பரிமாறியதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அவர் வீட்டுச் சமையலுக்குப் பிரெஞ்சு முறையைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ், ஜெஃபர்சன் அடிமையாக வைத்திருந்த சமையல்காரர், பாரிஸில் பயிற்சி பெற்றவர். அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். கடையில் விற்கும் டப்பா மக்ரோனி, சீஸ் பொடியோடு, 1937ல்தான் வந்தது.

ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களின் முறையில் மைதாச் சாஸுக்குப் பதில் முட்டையும் சுண்டிய பாலும் சேர்ப்பதுண்டு, துண்டு போட்டு எடுக்கும்படி இறுகி நிற்கும். உங்கள் வீட்டுக்கு முட்டை ஆகாது, மைதாச் சாஸே சரி. ஆனால் பால் வேலையை நீங்களும் செய்யலாம் சகோதரி: ஒரு லிட்டர் பாலை முக்கால் லிட்டர் ஆகும்வரை சுண்டக் காய்ச்சி, அதிலிருந்து சாஸ் செய்யுங்கள். பாலில் புரதம் கூடும்போது சீஸ் பிரியாமல் நிற்க உதவும், ருசியும் ஏறும்.

நிறம் குழந்தைகளுக்கு முக்கியம். இங்கே செட்டர் ஆரஞ்சாக இருப்பது அன்னாட்டோ என்ற விதையின் சாயத்தால், நம் சீஸ் வெளிர் மஞ்சளாகத்தான் வரும். அரை தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூளை வெண்ணெயிலேயே முதலில் போட்டால் நல்ல நிறம் வரும், காரம் தெரியாது. மஞ்சள்தூள் வேண்டாம், வாசனை எடுத்துக்காட்டும்.


படித்துறை வீடு, திருவையாறு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவிடம் அமுல் பாக்கெட்டைக் காட்டினேன், புள்ளியைப் பார்த்துவிட்டு, சரி செய், ஒரு வாய் சாப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். செட்டர் தஞ்சாவூரில் சொல்லிவைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. பெருக்கு அன்று காலையில் ஆற்றுக்குப் போக வேண்டும், சித்திரான்ன வேலை வேறு. முதல் நாள் ராத்திரியே இதைச் செய்து ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் சாயங்காலம் ஓவனில் வைக்கலாமா? பத்துப் பேர் இருப்போம், அளவை அப்படியே இரட்டித்தால் போதுமா?


குடந்தை அடுப்படி, கும்பகோணம்:

வைக்கலாம் அக்கா. ஆனால் ராத்திரி முழுவதும் மக்ரோனி பாலைக் குடிக்கும், அதனால் அந்தக் கைவசப் பாலையும் சேர்த்து இன்னும் இளக்கமாகக் கலந்து, நன்றாக ஆறிய பிறகு மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ரொட்டித்தூளை அப்போது தூவ வேண்டாம், ஊறிப்போகும். எனக்குக் கேட்டால் இதைவிடவும் நல்லது, சாஸை மட்டும் முதல் நாள் செய்து, மக்ரோனியை மறுநாள் மதியம் வடித்துக் கலப்பது. வெந்நீர் பத்து நிமிட வேலைதானே. ஃப்ரிட்ஜில் இறுகிய சாஸைச் சின்னத் தீயில், கொஞ்சம் பால் விட்டு, கொதிக்கவிடாமல் இளக்கினால் பழையபடி வரும்.

மொத்தமாகக் கலந்து வைப்பதானால், அரைமணி முன்னால் வெளியே எடுத்து, கண்ணாடிப் பாத்திரம் என்றால் சில்லென்று அப்படியே உள்ளே வைக்காமல், குளிர் விட்டதும் மேலே அலுமினியத் தாள் மூடி 20 நிமிடம், அப்புறம் தாளை எடுத்து ரொட்டித்தூள் தூவி 15 நிமிடம்.

பத்துப் பேருக்கு இரட்டித்தால் போதும், சாப்பாடும் இருக்கிறதே. 400 மக்ரோனி, ஒன்றேகால் லிட்டர் பால், 400 சீஸ், வெண்ணெய் மைதா அறுபது அறுபது. ஒரே பாத்திரத்தில் குவிக்காமல் இரண்டு அகலமான பாத்திரத்தில் பிரியுங்கள். உங்கள் ஓடிஜியில் இரண்டும் ஒரே தட்டில் கொள்ளாது, ஒன்று சாப்பிட எடுத்ததும் இன்னொன்றை வையுங்கள், எல்லோருக்கும் சூடாகவே கிடைக்கும். மிச்சம் இருந்தால் மறுநாள் ஒரு கரண்டி பால் தெளித்து மூடி சூடாக்குங்கள், இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.